ஒரு விரல் இடைவெளி

இந்தப் பத்தொன்பதாம் தேதியோடு
நான் காலாவதி ஆகிறேன்.
பால் பாக்கெட் மாதிரி, என்றான் க்ரெய்க்
ஹேங்கர் கதவை உருட்டித் திறந்துகொண்டே.
டயெரி சமவெளியில் உறைபனி.
வேலிக்கு அப்பால் ஆடுகள்
புகை புகையாய் மூச்சு விட்டன.

சோதிக்க வந்திருப்பவர் ஃபெர்கஸ் பெட்ரி,
இன்வர்கார்கிலிலிருந்து,
ஒரு தெர்மாஸுடனும்
சிரிப்பில்லாத முகத்துடனும்.

முதல் தடவை பதினோரு ஆண்டுகளுக்கு முன்.
தரையிலிருந்து மூன்றடியில்
ஆணி அடித்தாற்போல் ஹெலிகாப்டரை
நிறுத்தத் தெரியும் எனக்கு.
அதைச் சொல்லிக்கொண்டே செய், என்றார்கள்.
வாயைத் திறந்தேன்.
மூக்கு ஒரு பக்கம், வால் ஒரு பக்கம்.

கைக்குத் தெரிந்ததை
வாய் கேட்டு வாங்க
ஒரு குளிர்காலம் முழுதும் ஆனது.
வாடகை வீட்டுச் சமையலறையில்
ஃப்ரிட்ஜுக்கு வகுப்பெடுத்தேன்:
விசிறியின் எந்தப் பாதி அதிகம் தூக்குகிறது, ஏன்.
இரவுப் பணி முடிந்து வந்த ப்ரான்வென்
நர்ஸ் உடுப்போடு மேசையில் தலை வைத்து
பாதித் தூக்கத்தில் கை தூக்குவாள்:
"டீச்சர், புரியவில்லை."
புரியும்வரை சொன்னேன்.
அவளுக்கு எதுவும் புரியவில்லை.
எனக்குப் புரிந்தது.

அப்புறம் காகிதம்.
மருத்துவர் ஊசி குத்துவார், காதில் விளக்கடிப்பார்.
மணிக்கணக்கு, கட்டண ரசீது, கையெழுத்து.
தேதி வரும். போகும். மறுபடி வரும்.

"இன்றைக்கு நான் கெவின்," என்றார் பெட்ரி
வலப்பக்க இருக்கையில் பட்டையை மாட்டியபடி.
"ஏழு மணி நேரம் பறந்தவன்.
சொன்னதைக் கேட்காதவன்."
உண்மையில் முப்பது ஆண்டாகப் பறக்கிற கை அது.
அதைத் தெரியாத கையாக்கி
எனக்கு முன்னால் நீட்டினார்.

கெவின் மிதியைத் தவறாக மிதித்தான்.
விட்டேன்.
கெவின் காற்றை முதுகில் வாங்கித் திரும்பினான்.
விட்டேன். சொன்னேன். திருத்தினான்.

எவ்வளவு தூரம் தவறவிடுவது
என்பதுதான் மொத்தப் படிப்பும்.
சீக்கிரம் பிடுங்கினால் அவன் கற்கமாட்டான்.
தாமதித்தால்
கற்பதற்கு அவன் இருக்கமாட்டான்.
இதற்கு அளவு எந்தப் புத்தகத்திலும் இல்லை.
என் விரல்கள் பிடியைச் சுற்றி
கழன்றுவிடப்போகிற வளையல்போல்
தொடாமல் நின்றன.

ஆயிரத்தைந்நூறு அடி.
"பயிற்சி. என்ஜின் போய்விட்டது,"
திராட்டில் மூடிற்று.
இரைச்சல் வடிந்த இடத்தில் குளிர் புகுந்தது.
இடக்கை லீவரை இறக்க வேண்டும், உடனே.
கெவினின் கை இறக்கவில்லை.

"என்னிடம்."
"உங்களிடம்."

லீவர் கீழே. காற்று எதிரே.
விசிறி இறங்கும் வேகத்தையே தின்று சுழன்றது.
புல்வெளி மேலேறி வந்தது, ஆடுகள் சிதறின,
மூக்கைத் தூக்கி, சக்தி கொடுத்து,
மூன்றடியில் நின்றேன்.
ஆணி அடித்தாற்போல் இல்லை.

அதற்குப் பிறகு கெவின் பேசவில்லை.

ஹேங்கரில் தேநீர் ஊற்றியபடி கேட்டார்:
"எதைப் பார்த்து எடுத்தாய்?"
ரோட்டர் முள் சரிந்ததை, என்று சொல்லியிருக்கலாம்.
அதுதான் சரியான விடை.
"முள்ளுக்கு முன்னாலேயே.
ஹெட்செட்டில் உங்கள் மூச்சு நின்றது."
பேனா நின்றது.
"கெவினின் மூச்சா?"
"அதைத்தான் நானும் கேட்க நினைத்தேன்."

வெகுநேரம் தெர்மாஸ் மூடியைத் திருகினார்,
ஏற்கெனவே இறுகிப்போன மூடியை.
"ஆகஸ்டில் எனக்கும் சோதனை," என்றார்.
வேறொன்றும் சொல்லவில்லை.
கையெழுத்துப் போட்டார்.
குறிப்பில் ஒரு வரி:
கட்டுப்பாட்டை அரை நொடி முன்னதாக எடுத்தார்.
பாராட்டா, குறையா, எழுதவில்லை.

இரண்டு மணிக்கு க்ளெனிஸ் வந்தாள்.
அறுபத்தொரு வயது, முந்நூறு பசு,
பூட்ஸில் சாணம்.
"உனக்கும் பரீட்சையாமே? பாஸா?"
"இன்னும் இரண்டு வருஷத்துக்கு."
"எங்கள் டிராக்டருக்கே
அதைவிட நீண்ட உத்தரவாதம் உண்டு," என்றாள்.

என்ஜின் சூடாகும்வரை காத்திருந்தோம்.
அவள் பிடியை இறுக்கினாள்,
விரல் மூட்டுகள் வெளுக்க.
நான் ஒலியைக் கொஞ்சம் கூட்டிவைத்துக்கொண்டேன்.